உள்ளக வகுப்புச் சார்பு (ஜாவா)

உள்ளக வகுப்புச் சார்பு என்பது, ஒரு நிரலகம் தன் உட்பயனுக்கென மட்டும் வைத்துள்ள வகுப்புகளை வெளி நிரல் ஒன்று நேரடியாகப் பயன்படுத்துவதாகும். நிரலை இயக்காமலே ஆராயும் பகுப்பாய்வுக் கருவிகள் இதனைப் பிழையாகவோ எச்சரிக்கையாகவோ காட்டுகின்றன. இன்று சரியாக இயங்கும் நிரல், நிரலகத்தின் அடுத்த பதிப்பில் இயங்காமற் போகலாம் என்பதே இதற்குக் காரணம்.

காரணம்

ஒரு நிரலகத்தின் பொதிகள் ஒன்றையொன்று பயன்படுத்த வேண்டியிருப்பதால், உள்ளக வகுப்புகளும் பொது வகுப்புகளாகவே அறிவிக்கப்படுவதுண்டு. இதனால் அவை வெளியாருக்கும் எட்டின. ஆனால் அவை மாறாதிருக்கும் என்ற உறுதி எதுவும் அளிக்கப்படவில்லை.

வரலாறு

ஜாவாவின் "சன்.மிஸ்க்" பொதியிலிருந்த பேஸ்64என்கோடர் வகுப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பொது வகுப்பு இல்லாத காலத்தில் பலர் இதனைப் பயன்படுத்தினர். 2014இல் வெளிவந்த ஜாவா 8, இதற்கு மாற்றாக "ஜாவா.யூட்டில்.பேஸ்64" வகுப்பையும், உள்ளகச் சார்புகளைக் கண்டறியும் ஜெடெப்ஸ் கருவியையும் தந்தது. 2017இல் ஜாவா 9 நிரற்கூறு முறையைக் கொணர்ந்தது; பழைய வகுப்பும் நீக்கப்பட்டது. 2021இல் ஜாவா 16, பெரும்பாலான உள்ளக வகுப்புகளுக்கான அணுக்கத்தை இயல்பாகவே மறுத்தது. அதே ஆண்டில் வந்த ஜாவா 17, இத்தடையை மொத்தமாகத் தளர்த்தும் வழியையும் மூடியது.

தீர்வுகள்

* ஜெடெப்ஸ் கருவியைக் கொண்டு சார்புகளைப் பட்டியலிடல். இது பல வகுப்புகளுக்கு மாற்றையும் பரிந்துரைக்கும்.
* ஆவணப்படுத்தப்பட்ட பொது வகுப்புக்கு மாறுதல்.
* பிழை பிறர் எழுதிய நிரலகத்திலிருந்து எழுமாயின், அதன் புதிய பதிப்பைப் பெறுதல்.
* மாற்று உடனே இயலாவிடில், "ஆட்-எக்ஸ்போர்ட்ஸ்", "ஆட்-ஓப்பன்ஸ்" தெரிவுகளால் குறிப்பிட்ட பொதியை மட்டும் திறத்தல். இது தற்காலிக வழியே.

எச்சரிக்கையை மறைப்பதால் மட்டும் சார்பு நீங்குவதில்லை.

கவனிக்க வேண்டியவை

வகுப்பின் பெயரை மட்டும் மாற்றுவது போதாது. பழைய பேஸ்64என்கோடர் 76 எழுத்துகளுக்கு ஒருமுறை வரியை முறிக்கும். புதிய வகுப்பின் அடிப்படைக் குறியாக்கி முறிப்பதில்லை. அடிப்படைக் குறிவிலக்கி, வரிமுறிவுள்ள பழைய தரவைப் பிழையெனத் தள்ளும். இத்தகைய தரவுக்கு அவ்வகுப்பின் மைம் வகையே பொருந்தும். பிழைச்செய்தி மறைந்த பின்னரும், முன்பு சேமித்த தரவைக் கொண்டு சோதித்தல் இன்றியமையாதது.