ஈயக் குழாய்தான் போடணும்: சிகாகோவின் பிளம்பிங் சட்டம்

இன்னைக்கு எபிசோட் ஒரு குழாயைப் பத்தினது. தெருவுக்கு அடியில ஓடுற பெரிய குடிநீர்க் குழாயில இருந்து பிரிஞ்சு, ஒரு வீட்டுக்குள்ள போகுதே, அந்தச் சின்னக் குழாய். அது எந்த உலோகத்துல இருக்கணும்னு யார் முடிவு பண்றாங்க?

அமெரிக்காவுல இதுக்கு ஒரே பதில் கிடையாது. நாடு முழுக்கப் பொருந்துற பிளம்பிங் சட்டம்னு ஒண்ணு அங்க இல்லை. 1920-கள்ல வணிகத் துறை அமைச்சரா இருந்த ஹெர்பர்ட் ஹூவர், பின்னாடி ஜனாதிபதி ஆனாரே, அவர்தான் இதுக்கு ஒரு குழு போட்டார். ஊருக்கு ஊர் விதி மாறுறதால வீடு கட்டுற செலவு ஏறுதுங்கிறது அவரோட கவலை. குழு அறிக்கை கொடுத்துச்சு, ஆனா அது பரிந்துரை மட்டும்தான். அப்புறம் 1945-ல யூனிஃபார்ம் பிளம்பிங் கோட், 1995-ல இன்டர்நேஷனல் பிளம்பிங் கோட்னு ரெண்டு மாதிரி விதித்தொகுப்புகள் வந்தன. (பேர்லதான் இன்டர்நேஷனல், எழுதினது அமெரிக்காவுல.) ரெண்டையும் எழுதினது அரசாங்கம் இல்லை, தனி அமைப்புகள். ஒரு மாநிலமோ நகரமோ அதுல ஒண்ணை எடுத்து, தனக்கு வேண்டியபடி திருத்தி நிறைவேத்தினாத்தான் அது சட்டம். சிகாகோ மாதிரி சில நகரங்கள் தங்களுக்குன்னு சொந்த விதியே வச்சிருந்தாங்க.

விதி இல்லாட்டி என்ன ஆகும்கிறதை சிகாகோ ரொம்ப மோசமாத் தெரிஞ்சுக்கிட்ட வருஷம் 1933. அப்போ அங்க உலகக் கண்காட்சி, லட்சக்கணக்குல கூட்டம். நகரத்தோட ரெண்டு பெரிய ஹோட்டல்கள்ல குடிதண்ணியில சாக்கடை கலந்துடுச்சு. பழைய குழாய்ல கசிவு, தண்ணிக் குழாயும் கழிவுக் குழாயும் தப்பா இணைஞ்சு கிடந்துச்சு. பரவினது அமீபா வயிற்றுக்கடுப்பு. இந்த நோய் தலைகாட்ட சில வாரம் ஆகும். அதுக்குள்ள விருந்தாளிங்க அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்க. அங்க இருந்த டாக்டர்கள்ல சிலர் குடல்வால் பிரச்சினைன்னு நினைச்சு ஆபரேஷன் வரைக்கும் போனாங்க. சுமார் 1,400 பேருக்கு நோய், 98 பேர் இறந்துட்டாங்க. அதுல ஒருத்தர் அந்தக் காலத்துல பிரபலமான நடிகை டெக்சாஸ் கைனன்.

அதனால, பிளம்பிங் விதின்னாலே அதிகாரிகளோட தொல்லைன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா விதியே விஷத்தைக் கொண்டுவந்தா?

அதே சிகாகோவோட சட்டத்துல இன்னொரு வரி இருந்துச்சு. ரெண்டு அங்குலமோ அதுக்குக் கம்மியோ விட்டம் இருக்கிற வீட்டு இணைப்புக் குழாய் ஈயத்துலதான் இருக்கணும். ‘இருக்கலாம்’ இல்லை, ‘இருக்கணும்’. இங்க ஒரு சின்னத் தெளிவு: நம்ம வீட்ல ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேற உலோகம். இது காரீயம். குழந்தைகளோட மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற உலோகம்.

ஈயத்துக்கு நல்ல குணமும் இருந்துச்சு, அதையும் சொல்லணும். சுலபமா வளையும், மண்ணு கொஞ்சம் இறங்கினாலும் உடையாது, பல வருஷம் உழைக்கும். அதோட, ஈய இணைப்பை உருக்கி வழிச்சு ஒட்டுறது கைத்தேர்ச்சி வேணும்கிற வேலை. சட்டம் ஈயம்னு சொல்ற வரைக்கும் அந்த வேலை தேர்ந்த பிளம்பர் கையிலதான். ஆனா அது விஷம்னு 19-ம் நூற்றாண்டுலயே மருத்துவர்களுக்குத் தெரியும். 1920-கள்ல பல ஊர்கள் தடை செய்யவும் கட்டுப்படுத்தவும் ஆரம்பிச்சிருந்தாங்க. அப்போதான், 1928-ல, ஈயத் தொழில்துறையினர் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அவங்க ஆளுங்க ஊர் ஊராப் போய் பிளம்பர் அமைப்புகளையும் தண்ணீர்த் துறை அதிகாரிகளையும் பார்த்து, விதியில ஈயத்தை விட்டு வைங்கன்னு பேசினாங்க. விளம்பரம் மக்கள்கிட்ட இல்லை, விதி எழுதுறவங்ககிட்ட. எனக்கு இந்தக் கதையில ரொம்ப உறுத்துறது இதுதான்.

சிகாகோ கடைசி வரைக்கும் மாத்தல. 1986-ல மத்திய அரசு பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தி, குடிநீருக்குப் புது ஈயக் குழாய் போடுறதை நாடு முழுக்கத் தடை செஞ்சுது. அந்த வருஷம் வரைக்கும் சிகாகோவுல ஈயம் கட்டாயம். அதாவது முந்தின வருஷம் வரைக்கும் ஒருத்தர் சொந்தக் காசுல செம்புக் குழாய் போட நினைச்சிருந்தா, அது சட்டமீறல்!

தடைங்கிறது புதுசுக்குத்தான். பழசு மண்ணுக்கடியில அப்படியே இருக்கு, சுமார் 4 லட்சம் இணைப்புகள். அமெரிக்காவுல வேற எந்த நகரத்துலயும் இவ்வளவு கிடையாது. தண்ணியில பாஸ்பேட் கலக்குறாங்க, குழாய்க்குள்ள ஒரு படலம் உருவாகி ஈயம் கரையறது குறையும். 2024-ல வந்த மத்திய விதி, பெரும்பாலான ஊர்கள் 10 வருஷத்துல ஈயக் குழாயை மாத்தணும்னு சொல்லுது. சிகாகோவுக்கு அதைவிட அதிக அவகாசம் வேண்டியிருக்கு.

அங்க பழைய வீட்ல இருக்கிறவங்க தாங்களே பார்த்துக்க ஒரு வழி இருக்கு. குழாய் வீட்டுக்குள்ள நுழையற இடத்துல சாவியால லேசாச் சுரண்டணும். உள்ளே வெள்ளி மாதிரி பளபளத்து, காந்தமும் ஒட்டலைன்னா, அது ஈயம்.