மஷ்ரூத்தே: அரசனுக்கு ஒரு ஷரத்து

பத்திர எழுத்தர் முதல் நாளிதழ்வரை நாம் புழங்கும் ‘ஷரத்து’ அரபி வழி வந்தது. ‘ஷர்த்’ என்றால் நிபந்தனை. அதே வேரில் கிளைத்த ‘மஷ்ரூத்’, நிபந்தனைக்கு உட்பட்டது. மன்னனும் ஷரத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ற பொருளை அதில் ஏற்றியவர்கள் 1870-களின் ஓட்டோமான் துருக்கியர். வீட்டிலும் கடைவீதியிலும் துருக்கிமொழி பேசும் ஈரானிய வணிக நகரம் தப்ரீஸ். சொல்லுக்கு அங்கே வழி எளிது. பாரசீகத்தில் அது ‘மஷ்ரூத்தே’ ஆயிற்று. பிரெஞ்சு மூலம் சொல்வாரும் உண்டு. கையருகே ‘ஷர்த்’ இருக்க, பாரிஸ்வரை போவானேன்?

1906 ஆகஸ்டில் முஸப்பருத்தீன் ஷா நாடாளுமன்றத்துக்கு இசைந்த ஆணையில் இச்சொல் கிடையாது. பின்வந்த முகம்மது அலி ஷாவின் தரப்பு ‘மஷ்ரூஏ’ என்று வைத்துக்கொள்ளலாமே என்றது. ஷரீஅத்துக்கு இசைந்தது என்று பொருள். எழுதினால் ஓரெழுத்துதான் வேறுபாடு. பக்திச் சொல்லை யார் மறுப்பார்? தப்ரீஸ் மறுத்தது. பட்டத்து இளவரசராக அவர் இருந்து ஆண்ட ஊர் ஆயிற்றே, ஆளை அறியும். 1907 பிப்ரவரியில் கடைவீதியை அடைத்து, தந்தி நிலையத்தில் கூடி, ‘மஷ்ரூத்தே’ என்ற சொல்லையே அரச ஆணையில் வாங்கியது.

1908 ஜூன் 23 அன்று ஷாவுக்காக கர்னல் லியாகோவின் கோசாக் படை தெஹ்ரான் நாடாளுமன்றத்தைப் பீரங்கியால் தகர்த்தது. தப்ரீஸிலும் வீட்டுக்கு வீடு வெள்ளைக்கொடி ஏறியது. அமீர்கீஸ் பேட்டையிலிருந்து புறப்பட்ட குதிரை வியாபாரி சத்தார் கான் அவற்றை இறக்கிக்கொண்டே போனார். கியாபான் பேட்டையில் கொத்தனார் பாகிர் கான். இருவரும் சட்டம் படித்தவர்கள் அல்லர். தவேச்சி, சுர்காப் பேட்டைகளோ ஷா பக்கம். சண்டை தெருவுக்குத் தெரு நடந்தது. ஊருக்கு வெளியே ஷா அனுப்பிய அய்னுத் தௌலாவின் படை.

மஷ்ரூத்தே வந்தால் நீதி கிடைக்கும், ரொட்டி விலை இறங்கும் என்று நம்பியவர்கள் பலர். 1909 தொடக்கத்தில் ஊருக்கு உணவு வந்த ஜுல்ஃபா சாலை அடைபட்டதும் அந்த ரொட்டியே இல்லாமல் போனது. கால்நடைக்குப் போடும் குதிரைமசாலைப் பறித்துத் தின்றார்கள். ஊரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அமெரிக்க ஆசிரியர் ஹாவர்ட் பாஸ்கர்வில், முற்றுகையை உடைக்கப் போய் ஏப்ரலில் குண்டடிபட்டு இறந்தார்; வயது 24. அம்மாத இறுதியில் ரஷ்யப் படை நுழைந்தது. முற்றுகை விலகியது, அந்நியக் காவல் வந்து உட்கார்ந்தது. என் கணக்கில் இதை வெற்றி என்று எழுத முடியாது. ஆனால் தப்ரீஸ் தாக்குப்பிடித்த அந்த மாதங்களில்தான் மற்ற ஊர்கள் எழுந்தன. ஜூலையில் கீலான் படையும் பக்தியாரிப் பழங்குடியினரும் தெஹ்ரானைப் பிடித்து ஷாவை இறக்கினார்கள்.

இன்றைய ஈரானில் மதிப்பெண் குறைந்து, தேறினால்தான் தொடரலாம் என்ற எச்சரிக்கையில் படிக்கும் கல்லூரி மாணவன் ‘மஷ்ரூத்’. ‘மஷ்ரூத்தேகா’, அதாவது மஷ்ரூத்தேயை வேண்டுபவர் என்ற பெயரோ கட்சி மாறிவிட்டது. அன்று ஷாவை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தியவரைக் குறித்த அது, இன்று ஷரத்தோடாவது ஷா திரும்பட்டும் என்பவரைக் குறிக்கிறது.