மொட்டை மாடியில் பழைய ஆன்டெனா இருக்கா? கழட்டுறதுக்கு முன்னாடி திசையைப் பாருங்க!

தூத்துக்குடியில் ஒரு பழைய வீடு வாங்கியாச்சு. பத்திரம் முடிஞ்சுது, சாவி கைக்கு வந்தாச்சு. முதல் தடவை மொட்டை மாடிக்கு ஏறினா அங்கே ஒரு குட்டி மியூசியமே நிக்குது. துருப்பிடிச்ச உயரமான பைப், அதன் உச்சியில் மீன் முள் மாதிரி அலுமினியக் கம்பிகள், சுவரோரம் மூணு டிஷ், எங்கே போகுதுன்னே தெரியாத கறுப்பு வயர்கள்.

'எல்லாத்தையும் கழட்டி பழைய இரும்புக் கடையில போட்டுடலாம்'னுதான் முதல்ல தோணும். போடலாம். ஆனா அதுக்கு முன்னாடி எது என்னன்னு தெரிஞ்சுக்கிறது நல்லது. சிலது இன்னும் வேலை செய்யும். சிலது உங்க மேலேயே விழும். சிலது உங்களுடையதே இல்லை!

மொபைலில் காம்பஸ் ஆப்பைத் திறந்து வெச்சுக்கோங்க. இரும்பு பைப்புக்குப் பக்கத்தில் நின்னா காம்பஸ் தப்பு காட்டும். நாலு அடி தள்ளி நின்னு பாருங்க.

மீன் முள் ஆன்டெனா: எந்தப் பக்கம் பார்க்குது?

இதுதான் 'யாகி' ஆன்டெனா. நடுத்தண்டில் குறுக்கே பல கம்பிகள் இருக்கும். நீளமான கம்பி இருப்பது பின்பக்கம். குட்டைக் கம்பிகள் வரிசையா நிக்கிறது முன்பக்கம். குட்டைக் கம்பிகள் எந்தத் திசையைக் காட்டுதோ, அந்தத் திசையில்தான் ஒளிபரப்பு நிலையம் இருந்திருக்கும்.

தூத்துக்குடியில் இருந்து பார்த்தால் முக்கியமா மூணு திசைகள்:

* காம்பஸில் சுமார் 335–340 டிகிரி (வடக்கில் இருந்து கொஞ்சம் மேற்கே): கொடைக்கானல். 80-களின் பிற்பாதியில் இருந்து தென் மாவட்டங்களுக்கு தூர்தர்ஷன் கொடுத்தது இந்த மலை உச்சி நிலையம்தான்.
* சுமார் 65 டிகிரி (கிழக்கு வடகிழக்கு): ராமேஸ்வரம். அங்கே உள்ள தூர்தர்ஷன் கோபுரத்தின் உயரம் 323 மீட்டர்.
* சுமார் 125 டிகிரி (தென்கிழக்கு, நேரா கடலைப் பார்த்து): இலங்கை!

மூணாவதுதான் இந்த ஊரின் ஸ்பெஷல். இலங்கையின் ரூபவாஹினி, ஜப்பான் உதவியோடு 1982 பிப்ரவரி 15-ல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்போது தூர்தர்ஷன் சென்னையில் இருந்தது; தெற்கே எட்டவில்லை. ரூபவாஹினியின் முக்கிய நிலையம் 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதலாகல மலையில் இருந்தது. அங்கிருந்து தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர்.

சாதாரணமா அவ்வளவு தூரம் டி.வி சிக்னல் வராது. ஆனா நடுவில் இருப்பது மன்னார் வளைகுடா. கடல் மேல் காற்று அடுக்கடுக்கா நிக்கிற நாட்களில், சிக்னல் ஒரு குழாய்க்குள் போற மாதிரி வளைஞ்சு வந்து சேரும். அதனாலதான் ஒரு நாள் படம் பளிச்சுன்னு தெரியும், மறுநாள் வெறும் புள்ளி மழை. அந்தச் சிக்னலைப் பிடிக்கத்தான் அவ்வளவு உயரமான பைப், நாலு பக்கம் ஸ்டே கம்பி, ஆன்டெனாவுக்குக் கீழே ஒரு சின்ன பூஸ்டர் டப்பா. உங்க மாடியில் கடலைப் பார்த்து அப்படி ஒண்ணு இருந்தா, அந்த வீட்டு டி.வி டெல்லிக்கு முன்னாடியே இலங்கையைப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். சிங்களம் புரியலைன்னாலும் உட்கார்ந்து பார்த்த தலைமுறை அது. பக்கத்து வீட்டுப் பெரியவங்ககிட்ட 'ரூபவாஹினி'ன்னு சொல்லிப் பாருங்க, அரை மணி நேரம் பேசுவாங்க.

இப்போ இது வேலை செய்யுமா? தூர்தர்ஷனின் பழைய அனலாக் நிலையங்கள் 2022-க்குள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. அதனால் இனி நினைவுப்பொருள்தான்.

ரெண்டு கம்பத்துக்கு நடுவே வெறும் செம்புக் கம்பி

துணி காயப்போடும் கொடின்னு நினைச்சுடாதீங்க. ரெண்டு முனையிலும் பீங்கான் குமிழ் இருந்தா அது ரேடியோ ஏரியல். டி.வி வர்றதுக்கு முன்னாடி இலங்கை வானொலி கேட்க இந்தக் கரையில் கட்டப்பட்டது.

பெரிய வலைக் கிண்ணம்

ஆறு அடியில் இருந்து பன்னிரண்டு அடி வரை அகலம், கம்பி வலை, மூணு கால். இது சி-பேண்ட் டிஷ். 1991-ல் ஸ்டார் டி.வி, 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி என சாட்டிலைட் சேனல்கள் வந்த காலத்துச் சாமான். தனி வீட்டுக்கு இதை வாங்கியவர்கள் குறைவு. அதனால் உங்க வீடு ஒரு காலத்தில் தெருவுக்கே கேபிள் கொடுத்த கன்ட்ரோல் ரூமா இருந்திருக்கலாம். எடை அதிகம், காற்றில் பாய் மாதிரி இழுக்கும். தனியா கை வைக்காதீங்க.

சின்ன டிஷ்: யாருடையது?

ரெண்டு அடி அகலம் இருந்தா டி.டி.எச். கம்பெனி பெயர் வெயிலில் அழிஞ்சிருந்தாலும் திசை காட்டிக்கொடுக்கும். நம்ம ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் எல்லாமே நல்லா அண்ணாந்துதான் பார்க்கும்.

* 150 டிகிரி பக்கம் (தெற்கை ஒட்டி, ஏறக்குறைய உச்சி வானம்): டாடா ஸ்கை, இப்போதைய டாடா ப்ளே.
* 130 டிகிரி பக்கம்: வீடியோகான் டி2எச்.
* 117–120 டிகிரி: சன் டைரக்ட், டிடி ஃப்ரீ டிஷ், டிஷ் டி.வி. மூணும் கிட்டத்தட்ட ஒரே திசைதான்.
* 105 டிகிரி (கிழக்கை ஒட்டி, மத்ததைவிடத் தாழ்வா): ஏர்டெல்.

பணம் மிச்சமாகும் இடமும் இதுதான். டிஷ் நெளியாம, துரு ஏறாம இருந்தா அதையே பயன்படுத்தலாம். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது, அதுக்கான பாக்ஸ் மட்டும் வாங்கினா போதும். டிஷ்ஷின் கை நுனியில் இருக்கும் எல்.என்.பி.க்குள் தண்ணீர் இறங்கியிருந்தா அதை மட்டும் மாத்தணும்.

வேற சில விருந்தாளிகள்

நிமிர்ந்து நிக்கும் ஒற்றை வெள்ளை ஃபைபர் கம்பி இருந்தா, பழைய ஓனர் போட் வெச்சிருந்தாரான்னு விசாரிங்க. கடலில் இருக்கும் படகோடு பேசும் வயர்லெஸ் செட்டின் ஆன்டெனாவா இருக்கலாம். அந்தச் செட்டைப் பயன்படுத்த லைசென்ஸ் வேணும். கிடைச்சா ஆன் பண்ணி விளையாடாதீங்க. கடலில் ஆபத்துன்னு கூப்பிடுறவங்க குரலும் அந்த அலைவரிசைகளில்தான் வரும்.

சுவரில் சின்ன இரும்பு டப்பா, உள்ளே போய் வெளியே வரும் தடிமனான கேபிள் இருந்தா, அது தெரு கேபிள்காரரின் ஆம்ப்ளிஃபயர். அதை வெட்டினா பத்து வீட்டில் டி.வி நின்னுடும். அதே சமயம் அதுக்கான கரன்ட் உங்க மீட்டரில் இருந்து போகுதான்னு எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துக்கோங்க. அவரைக் கூப்பிட்டுப் பேசி மாத்தச் சொல்றதுதான் சரி.

கழட்டும்போது உயிர் முக்கியம் பாஸ்!

உப்புக்காற்று ஊரில் பைப் மேலே நல்லாத்தான் தெரியும். காங்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தில்தான் அரிச்சுப் போயிருக்கும். அதனால ஆட்டிப் பார்க்காதீங்க.

* பைப்பின் உயரத்தை மனசுக்குள் படுக்கவெச்சுப் பாருங்க. அது சாயும் தூரத்துக்குள் மின்கம்பி இருந்தா, தொடவே கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, லைனை நிறுத்திய பிறகுதான் வேலை.
* ஈரமான மாடி, காற்று, இடி மேகம் இருந்தா இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.
* பூஸ்டருக்குப் போகும் பிளக்கை வீட்டுக்குள் முதலில் பிடுங்குங்க.
* ஸ்டே கம்பிகளை முதல்லயே வெட்டக் கூடாது. பைப்பை ரெண்டு பேர் கயிறு போட்டுப் பிடிச்ச பிறகு, ஒவ்வொண்ணா அவிழ்க்கணும்.
* கழட்டிய ஓட்டைகளை அன்னைக்கே அடைச்சிடுங்க. 2023 டிசம்பரில் பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஒரு போல்ட் ஓட்டை போதும், சீலிங் ஊறிப்போக.

டிஷ், பைப், வலை எல்லாம் எடைக்குப் போகட்டும். ஆனா கடலைப் பார்த்து நிக்கும் அந்த மீன் முள் ஆன்டெனாவைக் கழட்டுறதுக்கு முன்னாடி, காம்பஸோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. வீட்டைக் கட்டினவங்க கையால் திருப்பித் திருப்பி, கீழே இருந்து 'தெரியுது, தெரியுது, அப்படியே நிறுத்து'ன்னு கத்தக் கேட்டு நிறுத்திய திசை அது. ஒரு தடவை இறக்கிட்டா, அந்தத் திசையைச் சொல்ல வீட்டில் வேற எதுவும் இருக்காது.