மூச்சுக் கடனும் பசிக் கடனும்

வாசகர்களே, மேலே படிக்கும் முன் ஒரு சிறு சோதனை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குங்கள். மனத்திற்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். இருபது வரை ஒன்றும் தெரியாது. நாற்பதை நெருங்கும்போது நெஞ்சு தவிக்கத் தொடங்கும். அறுபதுக்குள் நம்மில் பெரும்பாலோர் கையை எடுத்துவிடுவோம். எடுத்தவுடன் வருவது வழக்கமான மூச்சா? இல்லை. வாயாலும் மூக்காலும் காற்றை வாரி வாரி இழுப்போம். சற்று நேரம் கழித்தே மூச்சு பழைய நிலைக்குத் திரும்பும்.

அப்போது யாரேனும் வந்து, "காற்றுக்கு இப்படிப் பேராசைப்படுகிறாயே!" என்று கடிந்துகொண்டால் உங்களுக்குச் சிரிப்புத்தானே வரும்? ஆனால் உடல் இளைப்பதற்காக மூன்று மாதம் அரைவயிறு உண்ட ஒருவர், நான்காம் மாதம் தட்டு நிறையப் போட்டு உண்டால், "நாக்கை அடக்கத் தெரியாதவர்" என்று சொல்லிவிடுகிறோம். அவரும் வெட்கப்பட்டுத் தம்மையே நொந்துகொள்கிறார். காற்றுக்கு ஒரு நீதி, சோற்றுக்கு ஒரு நீதி என்பது சரியா? இதற்கு விடை காண நாம் முதலில் கொற்கைக்குப் போக வேண்டும்.

முத்துக் கரையில்

கொற்கை இன்று தூத்துக்குடி மாவட்டத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ 6 கி.மீ. உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் இதுவே பாண்டியர்களின் துறைமுகம். தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலை விலக்கிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல், இக்கரையில் முத்துக்குளிக்கும் வேலையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று குறிப்பிடுகிறது. ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்தில் மின்னிய முத்துகளுக்குப் பின்னால் எத்தனை பேருடைய மூச்சு அடங்கிக் கிடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கொற்கைக்குப் பின் காயல், அதன் பின் தூத்துக்குடி என்று துறைமுகம் இடம் மாறிற்று. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சியும் மாறிற்று. முத்துக்குளிக்கும் முறை மட்டும் அதிகம் மாறவில்லை. கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திலுள்ள முத்துப் பார்களுக்கு இறங்குவார்கள். ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போட்டுக் கயிற்றை அசைப்பார்கள். படகில் இருப்பவர் மேலே இழுத்துக்கொள்வார். தூத்துக்குடியில் அரசு நடத்திய இந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

நீருக்குள் இருப்பவரை "மேலே வா" என்று அழைப்பது எது? உயிர்வளி குறைந்துவிட்டதே என்ற உணர்வு என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மை வேறு. இரத்தத்தில் சேரும் கரியமில வாயுவின் அளவை மூளையின் அடிப்பகுதி இடைவிடாமல் கவனித்துக்கொண்டிருக்கிறது. அது ஓர் அளவைத் தாண்டியதும் மூச்சுவிடத் தூண்டுகிறது. மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கினால் கரியமில வாயு வெகுவாகக் குறைந்துவிடும். எச்சரிக்கையும் தாமதமாகவே வரும். அதற்குள் உயிர்வளி தீர்ந்து, நீருக்குள்ளேயே மயங்கி இறந்தவர்கள் உண்டு. எச்சரிக்கை மணியை ஊமையாக்கியவர் வென்றதாக நினைக்கலாம். கணக்கு அங்கே முடிந்துவிடுவதில்லை.

பசியும் இப்படிப்பட்ட ஒரு மணிதான். மனிதர்கள் அதை எப்போது ஊமையாக்கத் தொடங்கினார்கள்?

எண்கள் பிறந்த கதை

நோன்பும் பத்தியமும் மிகப் பழையவை. ஆனால் உடலை இளைக்க வைப்பதற்கென்றே உணவை அளக்கும் பழக்கம் பரவி ஏறத்தாழ 160 ஆண்டுகளே ஆகின்றன. லண்டனில் சவ அடக்க ஏற்பாடுகள் செய்யும் தொழில் நடத்திய வில்லியம் பாண்டிங் என்பவர் மிகவும் பருத்திருந்தார். மருத்துவர் சொற்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டு எடை குறைந்ததும், தம் அனுபவத்தை 1863இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். நூல் பரபரப்பாக விற்றது. அவருடைய பெயரே ஆங்கிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் சொல்லாக ஆகிவிட்டது.

அடுத்து வந்தது கலோரி. வெப்பத்தை அளக்கும் இந்த அலகைக் கொண்டு உணவின் ஆற்றலை அளக்கும் முறையை அமெரிக்க விஞ்ஞானி ஆட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வளர்த்தார். 1918இல் லுலு ஹண்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர், ரொட்டித் துண்டு என்று எண்ணாமல் இத்தனை கலோரி என்று எண்ணுங்கள் என அமெரிக்கப் பெண்களுக்கு ஒரு நூல் எழுதினார். அதுவும் இலட்சக்கணக்கில் விற்றது. எவ்வளவு உண்பது என்பதை வயிற்றிடம் கேட்ட காலம் போய், அட்டவணையிடம் கேட்கும் காலம் வந்தது.

நம் மண்ணில் ஒரு கொடிய கணக்கு

இதற்கிடையே நம் நாட்டில் வேறொரு கணக்குப் போடப்பட்டது. பிஷப் கால்டுவெல் கொற்கையில் அகழ்ந்து கண்டவற்றைப் பற்றிய கட்டுரை வெளிவந்த ஆண்டு 1877. அதே ஆண்டில் சென்னை மாகாணம் பெரும் பஞ்சத்தில் துடித்துக்கொண்டிருந்தது. நிவாரண வேலை செய்வோருக்கான கூலியைக் குறைக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், ஓர் ஆண் நாளெல்லாம் உழைப்பதற்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கணக்கிட்டார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது, தானியத்தைக் கூட்டிப் பருப்பும் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். மே மாதம் கூலி சற்று உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன.

பஞ்சத்தில் வாடியவனையும், விரும்பி உணவைக் குறைப்பவனையும் ஒன்றாக வைத்துப் பேசுவது முறையன்று. ஒன்று கொடுமை, மற்றது விருப்பம். ஆனால் உடலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. உணவு குறைந்தது என்ற ஒரே செய்திதான் அதற்கு எட்டுகிறது. இதைத் திட்டவட்டமாகக் காட்டியது 1944இல் தொடங்கிய ஒரு சோதனை.

மினசோட்டா சோதனை

இரண்டாம் உலகப் போரால் ஐரோப்பாவில் கோடிக்கணக்கானோர் பட்டினியில் வாடினர். அவர்களுக்கு மீண்டும் எப்படி உணவளிப்பது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். எல்லாரும் மனச்சாட்சியின் பேரில் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள், தாமாக முன்வந்தவர்கள், நல்ல உடல்நலம் உடையவர்கள். முதலில் நாளுக்கு ஏறத்தாழ 3200 கலோரி உண்டுவந்த அவர்களுக்கு, அடுத்த 24 வாரங்கள் அதில் பாதியளவே தரப்பட்டது.

எடை நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நாடித் துடிப்பு தளர்ந்தது. வெயில் காலத்திலும் குளிர் எடுத்தது. ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்துவிட்டது. வரவு குறைந்ததும் செலவைச் சுருக்கும் குடும்பத் தலைவியைப் போல உடல் நடந்துகொண்டது. மனம் பட்ட பாடு இன்னும் வியப்பானது. இளைஞர்கள் பகலெல்லாம் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். சமையல் நூல்களை வாங்கிக் குவித்தார்கள். தட்டுகளை நக்கினார்கள்.

உண்மையான பாடம் அதன் பிறகுதான். கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் நாளுக்கு 5000 கலோரிக்கு மேல் உண்டார்கள். வயிறு முட்ட உண்ட பிறகும் பசி தீரவில்லை என்றார்கள். பழைய எடைக்குத் திரும்பியதோடு அது நிற்கவில்லை. முன்பு இருந்ததைவிடக் கூடுதலான கொழுப்பு உடலில் சேர்ந்தது. அது தணியப் பல மாதங்கள் ஆயின. கொள்கைக்காகச் சிறைக்கும் அஞ்சாத இவர்களை மனவுறுதி இல்லாதவர்கள் என்று யார் சொல்ல முடியும்? நீரிலிருந்து எழுந்தவர் காற்றை வாரி இழுப்பதைப் போல, இவர்கள் உடல் கடனைத் திரும்ப வசூலித்தது. அவ்வளவுதான்.

கணக்கெழுதும் ஹார்மோன்கள்

கடனை உடல் எப்படிக் கணக்கில் வைக்கிறது? 1994இல் ஜெஃப்ரி பிரீட்மன் என்பவரின் குழு, கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். மூளை பசியைக் கூட்டும். 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இரைப்பையிலிருந்து சுரந்து பசியைத் தூண்டும் கிரெலினைக் கண்டார்கள். 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், பத்து வாரக் கடும் கட்டுப்பாட்டால் எடை குறைந்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தார்கள். பசியைக் கூட்டும் பக்கமாகவே அவர்களுடைய ஹார்மோன்கள் அப்போதும் சாய்ந்திருந்தன. மூச்சுக் கடன் சில நிமிடங்களில் தீரும். பசிக் கடன் ஓராண்டு கடந்தும் தொடரலாம்.

மனத்திலும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. 1975இல் ஹெர்மன், மாக் என்ற உளவியலாளர்கள் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள். பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய மட்டும் சுவைக்கச் சொன்னார்கள். இயல்பாக உண்பவர்கள், ஏற்கெனவே வயிறு நிறைந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவைக் கட்டுப்படுத்துபவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகே அதிகமாக உண்டார்கள்! "விரதம் கெட்டுப் போயிற்று, இனி என்ன?" என்ற எண்ணந்தான் காரணம். விதியை மட்டும் கவனித்தவர்களுக்கு வயிற்றின் பேச்சு காதில் விழவில்லை.

குழந்தைகள் தந்த சான்று

விதியே இல்லாவிட்டால் மனிதன் கண்டபடி உண்ண மாட்டானா? அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920களில் இதைச் சோதித்தார். பால் மறந்த குழந்தைகள் முன் தானியம், காய், பழம், முட்டை, இறைச்சி, பால் என 30க்கு மேற்பட்ட எளிய உணவுகளிலிருந்து வேளைக்குச் சிலவற்றை வைத்தார். குழந்தை சுட்டிக்காட்டியதை மட்டுமே செவிலியர் ஊட்டினர். ஒரு நாள் முட்டையாகவே தின்ற குழந்தை, இன்னொரு நாள் பழமாகவே தின்றது. ஆனால் மாதக்கணக்கில் பார்த்தபோது எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தட்டுகளில் சர்க்கரையோ மாவுப் பண்டங்களோ இல்லை என்பதை டேவிஸே சுட்டிக்காட்டினார். அமெரிக்காவில் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆலையில் செய்த பொட்டல உணவுகளைத் தந்தபோது அதே மனிதர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். வயிறு சரியாகப் பேச, தட்டில் உண்மையான உணவு இருக்க வேண்டும்.

திரும்பக் கற்பது எப்படி?

1995இல் டிரிபோல், ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவியல் வல்லுநர்கள், எடைக் கட்டுப்பாட்டை விட்டு உள்ளுணர்வின்படி உண்ணக் கற்கும் முறையை ஒரு நூலாக எழுதினார்கள். பசித்தபோது உண்ணுங்கள், நிறைவு வந்ததும் நிறுத்துங்கள், எந்த உணவையும் பாவம் என்று ஒதுக்காதீர்கள் என்பது அதன் சாரம். நம்மவர்க்கு இது புதிதா? திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு 'மருந்து' என்று பெயர். அதில் எந்த மூலிகையின் பெயரும் இல்லை. முன்பு உண்டது செரித்ததா, பசி வந்ததா, தன் செரிமானத்தின் அளவு என்ன என்பதை அறிந்து உண்ணும்படி வள்ளுவர் சொல்கிறார். அந்த அளவுக்கு அவர் படிக்கணக்கு எதுவும் கொடுக்கவில்லை.

கால்வயிறு, அரைவயிறு, முக்கால்வயிறு, வயிறு முட்ட என்று நம் மொழியிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. அடுத்த வேளை உட்காரும்போது இப்போது எந்த நிலை என்று உங்களையே கேளுங்கள். பாதி உண்டதும் மறுபடி கேளுங்கள். செய்தித்தாளும் தொலைக்காட்சியும் அந்த நேரத்தில் வேண்டாம். வயிறு கேட்கிறதா, நாக்கு கேட்கிறதா, மனக்கவலை கேட்கிறதா என்பது சில வாரங்களில் பிரித்தறிய வரும். விருந்தில் "இன்னும் கொஞ்சம்" என்பவரிடம் "போதும்" என்று சொல்லி இலையை மடிப்பதும் இந்தப் பயிற்சியின் ஒரு பகுதியே.

இரண்டு எச்சரிக்கைகள். நீரிழிவு, சிறுநீரக நோய் போன்றவற்றுக்காக மருத்துவர் சொன்ன பத்தியத்தை இக்கட்டுரையைப் படித்துவிட்டுக் கைவிடாதீர்கள். இரண்டாவது, இது உடல் இளைக்கும் இன்னொரு குறுக்குவழி அன்று. இப்படி உண்பவர்களிடம் கட்டுமீறி உண்பதும் உணவைப் பற்றிய மனவேதனையும் குறைவாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. எடை குறைந்தே தீரும் என்று அவை சொல்லவில்லை.

கொற்கைக் கரையில் மூழ்கியவர்கள் பெரும் மனவுறுதி படைத்தவர்கள். ஆனால் மூச்சை வெல்ல வேண்டும் என்று அவர்களில் யாரும் மூழ்கவில்லை. முத்துக்காக மூழ்கினார்கள், உடல் அழைத்ததும் கயிற்றை அசைத்தார்கள். அழைப்பை மதித்தவர்தான் மறுநாளும் கடலுக்குப் போனார். உங்கள் வயிறு கயிற்றை அசைக்கும்போது நீங்களும் அதை மதியுங்கள். உண்ணும்போது தலை குனிய வேண்டியதில்லை.