கூடு காத்திருக்காது

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்தைப் பார்த்தால் எல்லாம் உள்ளூர் விவகாரம் என்றே தோன்றும். மல்பெரி நம் மண்ணில் விளைந்தது, புழு நம் கொட்டகையில் வளர்ந்தது. ஆனால் நூற்பாளர் கேட்கும் விலையோ சீன நூலைப் பார்த்துத்தான்.

2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. நெசவாளருக்கு நூல் மலிவாகட்டும் என்ற எண்ணம். அதைக் குறை சொல்லவும் முடியாது. கூட்டு விலைதான் சரிந்தது.

நூலைப் பூட்டிவைத்து விலை ஏறும்வரை காத்திருக்கலாம். கூட்டை அப்படியே விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்து துளைத்து வெளியே வந்துவிடும், இழை அறுந்துபோகும். அதனால் விவசாயி கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். 2013 பட்ஜெட்டில் வரியை 15 சதவீதமாக்கினார்கள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் எத்தனை வளர்ப்பு, எத்தனை ஏலம்!