ஏ 555 (கொலோன் – பான் ஆட்டோபான்)

ஏ 555, ஜெர்மனியின் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், ரைன் ஆற்றின் மேற்குப் பக்கமாகக் கொலோன் நகரிலிருந்து பான் நகருக்குச் செல்லும் ஆட்டோபான், அதாவது விரைவு நெடுஞ்சாலை. நீளம் ஏறத்தாழ 20 கி.மீ. மட்டுமே. நெரிசல் இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனாலும் ஜெர்மன் சாலை வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. 1932 ஆகஸ்ட் 6 அன்று திறக்கப்பட்ட இதுவே அந்நாட்டின் முதல் ஆட்டோபான். ஆட்டோபான் ஹிட்லரின் படைப்பு என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றியிருக்கிறது. உண்மையில், அவர் ஆட்சிக்கு வருவதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்பே இந்தச் சாலையில் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

தோற்றம்

1920-களில் ரைன்லாந்தில் மோட்டார் வாகனங்கள் பெருகின. கொலோனுக்கும் பானுக்கும் இடையிலிருந்த பழைய சாலை ஊர்களுக்குள் புகுந்து சென்றது. குதிரை வண்டி, சைக்கிள், லாரி, கார் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே வழி. மோட்டார் வாகனங்களுக்கென்றே, ஊர்களைத் தொடாமல், குறுக்குச் சாலை எதுவும் இல்லாமல் தனிச்சாலை வேண்டும் என்ற யோசனை இதிலிருந்துதான் எழுந்தது. ரைன் மாகாண நிர்வாகம் அதைக் கையில் எடுத்தது. மாகாண நிர்வாகத் தலைவர் யோஹன்னஸ் ஹோரியனும் கொலோன் மேயர் கொன்ராட் அடெனவரும் திட்டத்துக்குப் பின்னால் உறுதியாக நின்றார்கள்.

1917-இல் மேயரான அடெனவர் பெரிதாகத் திட்டமிடும் நகரத் தலைவர். கொலோன் பல்கலைக்கழகம் 1919-இல் மீண்டும் தொடங்கியதும், நகரைச் சுற்றிப் பசுமை வளையம் அமைந்ததும், ஃபோர்டு கார் ஆலை நீல் பகுதிக்கு வந்ததும் அவர் காலத்தில்தான். 1930 அக்டோபரில் ஹென்றி ஃபோர்டே நேரில் வந்து அந்த ஆலைக்கு அடிக்கல் நாட்டினார். கார் ஆலையை அழைத்து வந்த நகரம் காருக்கான சாலையையும் நாடியது இயல்பே.

1929 இலையுதிர் காலத்தில் வேலை தொடங்கியது. அதே பருவத்தில் உலகப் பொருளாதார நெருக்கடியும் வெடித்தது. சாலைப்பணி வேலையற்றோருக்கான நிவாரணப் பணியாக மாறியது. 5,540 பேர் இதில் வேலை பார்த்தார்கள். கூலி கூடுதல் கைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இயந்திரங்கள் ஒதுக்கிவைக்கப்பட்டன. மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டே கரை எழுப்பி, பள்ளம் தூர்த்து, தளம் சமன் செய்தார்கள். மொத்தச் செலவு 86 லட்சம் ரைஷ்மார்க். சாலை போட்டு வேலை கொடுத்த பெருமையைப் பின்னாளில் நாஜிகள் தமக்கே உரியதாக முழங்கினார்கள். அந்த முறை அவர்களுக்கு முன்பே, ஒரு மாகாண நிர்வாகத்தின் கையில், இங்கே நடைமுறையில் இருந்தது.

முடிந்த சாலையின் அகலம் 12 மீட்டர். போக இரண்டு தடம், வர இரண்டு தடம். நடுவில் திட்டோ தடுப்போ கிடையாது. மணிக்கு 120 கி.மீ. வேகத்தை மனத்தில் கொண்டு வளைவுகள் அகலமாக அமைக்கப்பட்டன. அன்றைய கார்கள் பலவற்றால் எட்ட முடியாத வேகம் அது. பாதசாரிகள், சைக்கிள்கள், மாட்டு வண்டி, குதிரை வண்டி எதற்கும் அனுமதியில்லை. வண்டியை நிறுத்தவோ திருப்பவோ கூடாது. வயலுக்குப் போகும் பாதைகள் பாலங்கள் வழியே சாலையைக் கடந்தன.

திறப்பு விழா நடந்த நேரம் இருண்டது. அதற்கு ஆறு நாள் முன்பு, ஜூலை 31 அன்று, நாடாளுமன்றத் தேர்தலில் நாஜிக் கட்சி மிகப் பெரிய கட்சியாக வந்திருந்தது. எதிர்காலச் சாலைகள் இப்படித்தான் இருக்கும் என்று அடெனவர் விழாவில் கூறினார். அடுத்த மார்ச் மாதம் நாஜிகள் அவரை மேயர் பதவியிலிருந்து விரட்டினார்கள்.

தரமும் எண்ணும்

முதன்மைக்குப் போட்டியாக இரண்டு சாலைகள் பேசப்படுவதுண்டு. பெர்லினின் ஆவுஸ் 1921-இல் திறக்கப்பட்டது. ஆனால் அது கட்டணம் வாங்கிய பந்தய, சோதனைத் தளம். இரண்டு நகரங்களை இணைக்கவில்லை. 1924-இல் இத்தாலியில் மிலான் நகரிலிருந்து ஏரிப் பகுதிக்குத் திறக்கப்பட்ட சாலையும் கட்டணச்சாலையே. கட்டணமின்றி யாரும் செல்லக்கூடிய, நகருக்கு நகர் போகும் ஆட்டோபான் என்ற வகையில் கொலோன் – பான் சாலைக்கே முதலிடம்.

நாஜி ஆட்சியில் இச்சாலை ஆட்டோபானாகக் கணக்கில் சேரவில்லை. சாதாரண மாகாணச் சாலையாக வைக்கப்பட்டது. 1933 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் அருகே ஹிட்லர் மண்வெட்டி பிடித்துத் தொடங்கிவைத்த சாலையே முதலாவதாக இருக்க வேண்டும் என்பதே காரணம் என்பார்கள். அந்தச் சாலையின் முதல் பகுதி 1935 மே மாதம்தான் திறக்கப்பட்டது. கொலோன் – பான் சாலைக்கு ஆட்டோபான் தகுதி 1958-இல்தான் கிடைத்தது. அப்போது அடெனவர் மேற்கு ஜெர்மனியின் சான்சலர்.

1975 முதல் நாடு முழுவதும் ஒரே எண் முறை வந்தது. நெடுந்தொலைவு ஆட்டோபான்களுக்கு ஓரிலக்க எண், வட்டார இணைப்புகளுக்கு ஈரிலக்க எண், குறுகிய உள்ளூர் இணைப்புகளுக்கு மூன்றிலக்க எண். மூன்றில் முதல் இலக்கம் வட்டாரத்தைக் குறிக்கும்; ரைன்லாந்துக்கு 5. நாட்டின் மூத்த ஆட்டோபானுக்குக் கிடைத்தது கிளைச்சாலைக்குரிய 555 என்ற எண். நீளத்தை மட்டும் பார்க்கும் முறையில் வரலாற்றுக்கு இடமில்லாமல் போனது வருத்தத்துக்குரியது.

வழித்தடம்

கொலோன் தெற்கில், உள்ளூர் மக்கள் பானர் ஃபெர்டைலர் என்று அழைக்கும் வட்டச்சந்தியில் சாலை தொடங்குகிறது. சிறிது தூரத்தில் கொலோன்-தெற்குச் சந்திப்பில் ஏ 4 குறுக்கிடுகிறது. பிறகு கோடோர்ஃப், வெஸ்ஸலிங் பகுதிகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, வேதியியல் ஆலைகளின் கோபுரங்களும் குழாய்களும் கிழக்கே தெரியும். வெஸ்ஸலிங்கைத் தாண்டினால் காட்சி மாறி, தட்டையான காய்கறி நிலங்கள் விரியும். அஸ்பாரகஸுக்குப் பெயர்பெற்ற போர்ன்ஹைம் இங்கேதான் இருக்கிறது. மேற்கே ஃபோர்கெபிர்கெ குன்றுத்தொடர் கூடவே வரும். பான்-வடக்குச் சந்திப்பில் ஏ 565 சேர, பான் நகர வட்டச்சந்தியில் சாலை முடிகிறது. வழியின் பெரும்பகுதியில், கொலோன் – பான் டிராம் ரயில்களில் 16-ஆம் எண் தடம் ஆற்றுப் பக்கமும் 18-ஆம் எண் தடம் குன்றுப் பக்கமும் செல்ல, சாலை இரண்டுக்கும் இடையில் ஓடுகிறது.

1949-இல் பான் மேற்கு ஜெர்மனியின் தலைநகர் ஆனதும் போக்குவரத்து பெருகியது. தூதரகக் கார்கள் பறந்ததால் தூதர்களின் பந்தயத்தளம் என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. 1960-களின் நடுவில் சாலை ஆறு தடங்களாக விரிவாக்கப்பட்டது. 1999-இல் அரசு பெர்லினுக்குப் பெயர்ந்த பின்னும், இரு நகரங்களுக்கிடையே வேலைக்குப் போய்வருவோரால் நெரிசல் தொடர்கிறது. ரைன் ஆற்றைக் கடந்து இதை ஏ 59-உடன் இணைக்க ஏ 553 என்ற புதிய ஆட்டோபான் திட்டமிடப்பட்டுள்ளது.