ஆற்காட்டு நவாபை வீழ்த்திய கடன்

திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் தொழுது வெளிவருவோரில் பலருக்கு, அருகிலுள்ள சேப்பாக்கம் மாளிகை அரசு அலுவலகக் கட்டடமாகவே தெரியும். ஒரு காலத்தில் தமிழகத்தின் பெரும்பகுதியை ஆண்ட ஆற்காட்டு நவாபின் அரண்மனை அது. அந்த அரசை வீழ்த்தியதில் பீரங்கியைவிடக் கடன் பத்திரத்துக்கே பெரும் பங்குண்டு.

அவுரங்கசீப் காலத்தில் முகலாயரின் ஆளுநர்களாக வந்தவர்களே ஆற்காட்டு நவாபுகள். தில்லியின் பிடி தளர்ந்தபோது, 1710 முதல் 1732 வரை ஆண்ட சஆதத்துல்லா கான் ஏறக்குறைய சுதந்திர அரசராகவே விளங்கினார். பின்னர் ஹைதராபாத் நிஜாமால் நியமிக்கப்பட்ட அன்வருத்தீன் கான், 1749-இல் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முஹம்மது அலீ வாலாஜா திருச்சியில் தஞ்சம் புகுந்தார். பிரெஞ்சுக்காரர் சந்தா சாஹிபை ஆதரிக்க, ஆங்கிலேயர் வாலாஜாவின் பக்கம் நின்றனர். 1751-இல் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றினார். மறுஆண்டு சந்தா சாஹிப் கொல்லப்பட்டார். வாலாஜாவின் ஆட்சி நிலைபெற்றது.

ஆனால் அந்தப் போர்களின் செலவைக் கம்பெனி நவாபின் கணக்கில் எழுதியது. அதை அடைக்க, அவர் கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாகச் சீமைகளின் நிலவரி வருவாய் எழுதிக்கொடுக்கப்பட்டது. வாங்கியவர் நவாப், சுமந்தவர்கள் உழவர்கள்.

இக்கடனின் நிழல் தஞ்சாவூர் வரை நீண்டது. 1773-இல் கம்பெனிப் படையின் துணையுடன் நவாப் தஞ்சையைக் கைப்பற்றினார். 1776-இல் ஆளுநர் பிகட் அதனை மராட்டிய மன்னருக்கே மீட்டளித்தார். தஞ்சையின் விளைச்சல் தமக்கு ஈடாக உள்ளதெனக் கடன்காரர் பால் பென்ஃபீல்டு உரிமை கோர, பிகட்டை அவருடைய ஆலோசனை சபையினரே சிறைப்படுத்தினர். அவர் காவலிலேயே இறந்தார். 1785-இல் எட்மண்டு பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இக்கடன்களைக் கடுமையாகச் சாடினார். ஆயினும் கடன்காரர்களின் கையே ஓங்கியது.

வாலாஜா 1795-இல் மறைந்தார். திப்பு சுல்தான் ஷஹீதான பின், ஸ்ரீரங்கப்பட்டினத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, நவாப் குடும்பத்தினர் மைசூருடன் இரகசியத் தொடர்பு வைத்திருந்ததாகக் கம்பெனி குற்றஞ்சாட்டியது. 1801-இல் நவாப் உம்தத்துல் உமரா இறந்ததும், ஆட்சியை ஒப்படைக்குமாறு அவருடைய இளம் மகன் அலீ ஹுஸைனிடம் கேட்டது. அவர் மறுத்தார்; ஒதுக்கப்பட்டார். உடன்பட்ட அஸீமுத் தவ்லாவுக்குப் பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் கிடைத்தன. நாடு கம்பெனிக்குச் சென்றது. 1855-இல் குலாம் முஹம்மது கவ்ஸ் கான் வாரிசின்றி இறக்க, நவாப் பட்டமும் நீக்கப்பட்டது.

கடன் சுமையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். அந்தப் பிரார்த்தனையை நாம் பெரும்பாலும் வீட்டுச் செலவோடு மட்டுமே பொருத்திப் பார்க்கிறோம். அடுத்தவரின் வாளால் பெற்ற அரியணைக்கும், அடுத்தவரின் வட்டியில் நடந்த அரசுக்கும் என்ன நேரும் என்பதற்குச் சேப்பாக்கம் மாளிகை இன்றும் சாட்சியாக நிற்கிறது.